நம்ப முடியாத குளிர்ச்சி

கட்டடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெயில் ஏழு நாளும் அடிக்கிறது, கான்கிரீட் ஏழு நாளும் சுடுகிறது. ஆனால் நான் கணக்குப் போட்டுக் கட்டிய முதல் கட்டடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தது. கணினித் திரையில் அது தெளிவாகத் தெரிந்தது. வாரத்தில் ஆறு நாள் பகலில் ஏறி மாலையில் இறங்கிய வெப்பக் கோடு, ஏழாவது நாள் மட்டும் காலையிலிருந்து இரவு வரை தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

அது ஒரு பெண்கள் விடுதி. கோலார் தங்கவயலுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம் புதிதாக அமைத்த வளாகத்தில், மூன்று தளங்களோடு நிற்கிறது. நான் வேலை செய்யும் பெங்களூர் நிறுவனம் இப்படிப்பட்ட வளாகங்களுக்குக் கட்டடம் வரைந்து கொடுக்கிறது. எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினால் வெயில் குறையும், ஜன்னல் எவ்வளவு அகலம், அதற்கு மேல் நிழல் தரும் பலகை எவ்வளவு நீளம், சுவர் எவ்வளவு கனம், கூரைக்கு என்ன பூச்சு என்பதையெல்லாம் முன்கூட்டியே கணினியில் கணக்கிட்டு, மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி செய்வதுதான் எங்கள் வேலை. இந்த விடுதியில் ஏசி கிடையாது. மின்விசிறி மட்டும் வைத்துக்கொண்டு ஏப்ரல் மாதத்திலும் பெண்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அந்தக் கணக்கு முழுவதையும் நான் ஒருத்தியே போட்டேன்.

இதை நான் அடக்கமாகச் சொல்லப்போவதில்லை. என் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய, லைன் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவள் நான். காலை ரயிலில் பெங்களூர் போய், மாலை ரயிலில் திரும்பி, நின்றுகொண்டே படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கட்டடம் எழுகிறது, அதன் கூரையை நான் தீர்மானித்தேன் என்றால் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

முதல் விடுதிக்குப் பக்கத்திலேயே இரண்டாவது விடுதி கட்டப் போகிறார்கள். முதல் விடுதி உண்மையிலேயே குளிர்ச்சியாக இருந்தால் அதே வரைபடம், அதே கூரை, அதே நான். அதை நிரூபிக்கத்தான் பதினாறு அறைகளில் பதினாறு கருவிகளை வைத்தோம். சோப்புப் பெட்டி அளவில் வெள்ளை நிறத்தில் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை அறையின் வெப்பத்தை அதுவே குறித்துக்கொள்ளும். ஜனவரியில் நானே போய்ச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணி வாக்கில் போய், பூட்டிய அறைகளுக்குள் போகாமல் வராண்டாவில் நின்றபடியே அளவுகளை என் போனில் இறக்கிக்கொள்வேன்.

மூன்று மாத அளவுகளையும் சேர்த்துப் பார்த்த அன்று எங்கள் சார் என் மேசைக்கே வந்துவிட்டார். எங்கள் நிறுவனத்தின் தலைவர் அவர், ஓசூர்க்காரர். சாதாரணமாக யார் மேசைக்கும் வரமாட்டார்.

"பிரமாதம்மா. ராத்திரியில பதினாறு ரூமும் ஒரே மாதிரி ஜில்லுன்னு இருக்கு. மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் வித்தியாசமே இல்ல பாரு. யூனிவர்சிட்டி கட்டடக் குழு கூட்டத்துல இதை மொதல் பக்கமா போட்டுடலாம்."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணில் பட்டன. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. மாலை ஆறு மணிக்குப் பதினாறு கோடுகளும் ஒன்றாக இறங்குகின்றன. காலை ஆறு மணிக்கு ஒன்றாக ஏறுகின்றன. நாள் முழுக்க வெயில் குடித்த மேல்மாடி அறை, ஆறு மணி அடித்ததும் கீழ்த்தளத்து வடக்கு அறையைப் போலக் குளிர்ந்துவிடுகிறது. எந்தக் கூரையும் அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காது. நான் வரைந்த கூரையும் கேட்காது.

முதல் சந்தேகம் என் பக்கத்து மேசை இளைஞர் மேல்தான் விழுந்தது. அளவுகளை வரைபடமாக மாற்றியவர் அவர். இந்த வேலை தனக்கு வரும் என்று காத்திருந்து, எனக்குப் போனதும் ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். "உங்க ஊரு தங்கம் வெளைஞ்ச ஊரு மேடம், கூரையும் தங்கமாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எண்களை வேண்டுமென்றே அழகாக்கி வைத்துவிட்டு, கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்கும்போது நான் விழிப்பதைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மதிய உணவு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபின், கருவிகளிலிருந்து நேரடியாக வந்த கோப்புகளைத் திறந்து, அவர் வரைந்ததோடு வரி வரியாக ஒப்பிட்டேன்.

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என் கோப்பைத் தோண்டறீங்களா? தோண்டறது உங்க ஊர்ப் பழக்கம் போல."

"தோண்டாம எதுவும் கெடைக்காது."

"கெடைச்சுதா?"

கிடைக்கவில்லை. ஒரு புள்ளிகூட மாறவில்லை. அவர் நேர்மையாகத்தான் வரைந்திருந்தார். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கூட்டத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அடுத்த சந்தேகம் விடுதிப் பணியாளர் அக்கா மேல் போனது. அந்த அக்கா தங்கவயலிலேயே ஸ்கெலட்டன் என்ற பகுதியைச் சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவருக்கு வேலை. ஞாயிறு விடுமுறை. இந்த நேரத்தையும் என் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தின. வேலைக்கு இடைஞ்சல் என்று சோம்பலில் அவர்தான் பெட்டிகளை ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன்.

ஜனவரியில் நான் பெட்டிகளை ஒட்டியபோதே அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக என் பின்னால் வந்தார்.

"இன்னாம்மா இது, கேமராவா?"

"இல்லக்கா. ரூம்ல எவ்ளோ சூடுன்னு அளக்கிறது."

"சூட அளந்து இன்னா பண்ணப் போறே?"

"அடுத்த விடுதியை இன்னும் நல்லா கட்டத்தான்."

"எங்க லைன்லயும் இப்படித்தான் டேப்பு எடுத்துகினு வந்தாங்க. சும்மா அளக்கிறோம்னாங்க. அப்பால காலி பண்ணச் சொல்லி நோட்டீசு ஒட்டினாங்க."

"நானும் மைசூர் மைன்ஸ்தான்க்கா."

அவர் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "அதான் பயமா கீது. வெளியாளா இருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டுடலாம்."

ஒரு புதன்கிழமை, எதற்கென்று யாரிடமும் சொல்லாமல் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மாலை ஐந்தரை மணிக்கு விடுதிக்குப் போனேன். நேராக மேல்மாடி. முன்பு வந்ததெல்லாம் காலை வேளையில், பெண்கள் வகுப்புக்குப் போன பிறகு. இந்த நேரத்தில் அறை வேறு மாதிரி இருந்தது. உள்ளே நுழைந்ததும் அடுப்பு அணைத்த சமையலறையின் சூடு முகத்தில் அடித்தது. மூன்று மெத்தைகள் சுருட்டிக் கதவோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. கட்டிலுக்கு அடியில் இரண்டு வாளி தண்ணீர்.

பங்காரப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

"ரூம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்." நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ராத்திரியில?"

"அதுவும் நல்லா இருக்கு மேடம்."

"மெத்தைய ஏன் சுருட்டி வெச்சிருக்கீங்க?"

"சும்னே மேடம்." எங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்பதற்கு இந்தக் கன்னட வார்த்தையைத்தான் சொல்வோம். ஏதோ இருக்கிறது என்பதற்கும் இதே வார்த்தைதான்.

சுவரில் பதினான்காம் எண் பெட்டி இருந்தது. நான் பசைநாடா வைத்து ஒட்டியிருந்தேன். இப்போது ஓர் ஆணியில், சின்னக் கயிற்று வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த அக்கா உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. "பதினாலு" என்று வாய்விட்டுச் சொல்லி, பெட்டியைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். "பதினஞ்சு" என்ற குரல் கேட்டது. பிறகு, "பதினாறு."

திருடுகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தேன். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாமான் அறை. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. வெயில் என்பதே எட்டாத மூலை அது. அந்த அறைச் சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. பலகையில் வரிசைக்கு எட்டாகப் பதினாறு ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே சிவப்புப் பெயிண்டில் எண். அவர் ஒவ்வொரு பெட்டியையும் புடவைத் தலைப்பால் துடைத்து, அதனதன் எண்ணில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னா பண்றீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. கடைசிப் பெட்டியை மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

"ஷிஃப்ட் முடிஞ்சுதில்ல? ஒப்படைக்கிறேன்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயா? நீ எங்க இருந்தே இத்தினி நாளு? வார்டன் அம்மா சொன்னாங்க, இது யூனிவர்சிட்டி சொத்து, ஒண்ணு காணாமப் போனாலும் நீதான் பொறுப்புன்னு. நம்மூர்ல இரும்பு கம்பி ஒண்ண வெளியில வுட்டு வச்சா காலையில இருக்குமா? எங்கப்பா மைன்ல லேம்ப் ரூமு, உள்ள எறங்கறவனுக்கு லைட்டு குடுக்கற வேல. ஷிஃப்ட் முடிஞ்சா நம்பர் போட்ட லைட்டு நம்பர் போட்ட ஆணிக்கு வந்துடணும். வரலைன்னா ஆளு உள்ளயே மாட்டிக்கினான்னு அர்த்தம். ஆணி காலியா இருந்தா எங்கப்பா ஊட்டுக்கே வரமாட்டாரு."

"தெனமுமா எடுக்கறீங்க?"

"ஜனவரியிலேருந்து ஒரு நாளு வுட்டதில்ல. காலையில ஆறு மணிக்கு எந்த நம்பரு எந்த ரூமோ அதே ரூமுக்குப் போயிடும். மாத்தி மாட்டினேன்னு ஒருத்தர் சொல்லட்டும் பார்க்கலாம். ஞாயித்துக்கெழம மட்டும் உள்ளயே இருக்கும். எனக்கு லீவு."

திருட்டைச் சந்தேகப்பட்டேன், பொறாமையைச் சந்தேகப்பட்டேன், சோம்பலைச் சந்தேகப்பட்டேன். ஒருவர் அளவுக்கு மீறிப் பொறுப்பாக இருப்பார் என்று சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதமாக நானும் சாரும் கொண்டாடிய இரவுக் குளிர்ச்சி பதினாறு அறைகளின் குளிர்ச்சி அல்ல. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாமான் அறையின் குளிர்ச்சி. அதை நம்பித்தான் இன்னொரு விடுதி கட்டப் போகிறார்கள். இதே கூரைக்குக் கீழே இன்னும் நூறு பெண்கள் படுக்கப் போகிறார்கள்.

மறுபடியும் மேலே ஏறினேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. "இங்க ராத்திரி தூங்க முடியாது. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பத்து மணிக்குத் தரையில தண்ணி ஊத்துவோம் மேடம். அது காஞ்சதும் மெத்தைய எடுத்துட்டு வராண்டாவுக்குப் போயிடுவோம். காலையில வார்டன் வர்றதுக்குள்ள உள்ள வந்துடுவோம்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"தூக்கம் வரலைன்னு எங்க ஊட்ல சொன்னா, அப்ப கெளம்பி வந்துடுன்னுவாங்க. அதுக்குத்தான் காத்துகினு கீறாங்க." பிறகு என்னையே கேட்டாள்: "நீங்க எழுதிடுவீங்களா மேடம், நான் சொன்னேன்னு?"

உன் பெயர் வராது என்று சொல்லிவிட்டு நான் மொட்டைமாடிக்குப் போனேன். அந்தக் கூரைக்கு நான் தேர்ந்தெடுத்தது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. கான்கிரீட்டுக்கு மேலே வெப்பத்தைத் தடுக்கும் கனமான அடுக்கு எதுவும் தேவையில்லை, வெள்ளை மட்டும் போதும் என்று என் கணக்கு சொன்னது. பூச்சு வெள்ளையாக இருக்கும் வரை அது சரியான கணக்குதான். என் காலடியில் இருந்த கூரை, வரக்காப்பியின் நிறத்தில் இருந்தது. குனிந்து உள்ளங்கையால் தேய்த்தேன். கை அகலத்துக்கு மட்டும் வெள்ளை தெரிந்தது.

மேற்கே சயனைடு மேடுகள் தெரிந்தன. தங்கத்தை எடுத்தபின் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன மண் அது. குன்று குன்றாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்த மண் எழுந்து வந்து எங்கள் கொடித் துணியில், குடத்து நீரில், குழந்தையின் கண் இமையில் உட்காரும். இது எனக்குத் தெரியாதா? வேலை தொடங்கிய புதிதில் சார் என்னிடம் கேட்டிருந்தார், "அந்தப் பக்கம் ஒரே தூசின்னு சொல்றாங்களே, நம்ம வளாகம் வரைக்கும் வருமா?" என்று. அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். தங்கம் போன ஊர், சூனியமான ஊர், மண் தின்னும் ஊர் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது எனக்கு. "அதெல்லாம் பழைய கதை சார்" என்று சொல்லிவிட்டேன். கணினியில் கூரையின் நிறம் என்ற இடத்தில், புதுப் பூச்சின் வெண்மையைப் போட்டேன்.

அன்று அப்பா எட்டு மணி ரயிலில் வந்தார். பெங்களூரில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் அவர். என் முகத்தைப் பார்த்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறே?"

எல்லாவற்றையும் சொன்னேன். லேம்ப் ரூம் கதையைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார். கூரை விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவங்க யாரும் கண்டுபுடிக்கலையே. நீயா போயி ஏன் சொல்றே?"

"இன்னொரு விடுதி கட்டப் போறாங்கப்பா."

"அப்ப வாயால சொல்லு. எழுத்துல குடுக்காத. கையெழுத்து போடாத. மைனு மூடினப்ப இன்னா ஏதுன்னு தெரியாம ஒரு பேப்பர்ல கட்டவெரல வச்சேன். அதுல இன்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"எனக்குப் படிக்கத் தெரியும்ப்பா."

"அதான் உனக்குப் பயம் இல்ல" என்றார். அது பாராட்டா திட்டா என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

கூட்டத்துக்கு முன் உண்மையான இரவு அளவுகள் இரண்டு வாரத்துக்காவது வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கே விடுதிக்குப் போய், இனி பெட்டிகளைக் கழற்ற வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை நம்பினால்தானே?

"ராத்திரி ரூம்லயே இருக்கட்டும்னு எழுதிக் குடு. காணாமப் போனா நான் பொறுப்பு இல்லேன்னு எழுதிக் குடு."

எழுதினேன். எங்கள் ஊரில் தமிழ் படிக்கிறவர்களும் உண்டு, கன்னடம் படிக்கிறவர்களும் உண்டு. அதனால் இரண்டு மொழியிலும் எழுதச் சொன்னார். எழுதிய தாளை வாங்கிக்கொண்டு முதல் தளத்துக்குப் போய் ஒரு பெண்ணிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இரண்டாம் தளத்துக்குப் போய் இன்னொரு பெண்ணிடம் வாசிக்கச் சொன்னார். இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பார்க்கத்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வயதிலிருந்து எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக் கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். கேட்டுவிட்டு, அதே கடிதத்தைப் பலசரக்குக் கடைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அப்போது அதைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

அக்கா கீழே வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க. இன்னொண்ணும் சேத்து எழுது. இது சூட அளக்கத்தான், ஊட்ட அளக்க இல்லேன்னு."

அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்த அளவுகளில் ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற நாட்களைப் போலவே இருந்தன. அதைப் பார்த்ததும்தான் இவை உண்மையான எண்கள் என்று நம்பினேன். மேல்மாடி அறைகள் நள்ளிரவு தாண்டியும் குளிரவில்லை. பகல் முழுக்கக் கூரை வாங்கி வைத்திருந்த சூட்டை, பெண்கள் படுத்தபின் மெதுவாக அவர்கள்மேல் இறக்கிக்கொண்டிருந்தது.

சார் தாளை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார்.

"பகல் அளவை மட்டும் காட்டலாமே. பகல்ல நல்லாத்தானே இருக்கு?"

"பகல்ல அங்க யாரும் இல்ல சார். எல்லாரும் வகுப்புல இருக்காங்க. அது தூங்கற இடம்."

"கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கு."

"தெரியும் சார். அறிக்கையில சேர்க்க இதையும் ஒரு பக்கமா எழுதி வெச்சிருக்கேன்."

அவர் அந்தப் பக்கத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். "சரி, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நான் பார்த்துக்கறேன் என்று பெரிய மனிதர்கள் சொல்லும்போது அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தை அவர் நீக்கிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் பத்துப் பிரதி எடுத்து, பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் கோலாரில் நடந்தது. பேச்செல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலுமாக இருந்தது. நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். அறிக்கையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் தேடினேன். இருந்தது. ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே இருந்தது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு, இதற்குப் பொறுப்பு என்று போட்டு என் முழுப் பெயர் இருந்தது. என் சந்தேகம் பொய்த்தது என்பதா, பாதி பலித்தது என்பதா? சாரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் பெயரை வாசித்தார். "யாரும்மா இது?"

எழுந்து நின்றேன். "நான்தான் சார்."

"முதல் மூணு மாச அளவு தப்புங்கறே. ரெண்டாவது அளவு மட்டும் சரின்னு நாங்க எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. ஆணிப் பலகையையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் பற்றிச் சொன்னேன். பணியாளர் மேல் தவறு இல்லை, கருவியை ஏன் இரவில் விட்டு வைக்க வேண்டும் என்று அவருக்கு நான் விளக்கவில்லை என்றும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"கூரையில பூச்சு அழுக்காயிடுச்சுன்னு எழுதியிருக்கு. பூச்சு மட்டமா? அடிச்சவன் சரியில்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பூச்சு அடித்த ஒப்பந்தக்காரர் அந்த அறையில் இல்லை. சார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்போது, என் அப்பா அடித்த பெயிண்டைப் பற்றி எத்தனை பேர் எத்தனை கூட்டங்களில் இப்படிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"பூச்சு நல்ல பூச்சு சார். அந்தப் பக்கம் தூசி வரும். வரும்னு எனக்குத் தெரியும், நான் அதே ஊரு. ஆபீஸ்ல கேட்டப்போ வராதுன்னு சொன்னேன். கணக்குல சேர்க்கல."

"தெரிஞ்சே ஏன் அப்படிச் சொன்னே?"

"ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரல சார்."

குழுவில் இருந்த ஒரே பெண் பேராசிரியர் என் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்துவிட்டுக் கேட்டார், "பேசாம ஏசி போட்டுடலாமா?"

"வேணாம் மேடம். கான்கிரீட்டுக்கு மேல வெப்பத்தைத் தடுக்கற ஓர் அடுக்கு போட்டு, அதுக்கு மேல ஓடு பதிச்சா, மேல எவ்ளோ தூசி இருந்தாலும் சூடு கீழ எறங்காது. அதைத்தான் நான் மொதல்லயே போட்டிருக்கணும்."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். பழைய கூரையை அடுத்த கோடைக்கு முன் சரிசெய்வது, அதற்குப் பிறகு ஒரு கோடை முழுக்க இரவும் பகலும் அளந்து பார்ப்பது, அதுவரை இரண்டாவது விடுதியைத் தொடங்குவதில்லை என்று முடிவானது. கூரை முடியும் வரை மேல்மாடிப் பெண்கள் கீழ்த்தளத்து வாசிப்புக் கூடத்தில் படுக்க அனுமதி வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார்கள். "எழுத்துல வேணும் சார்" என்றேன். தலைவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது சார் என் பக்கத்தில் வந்தார்.

"தூசி விஷயத்தை எங்கிட்டயே மறைச்சிருக்கே. இனிமே உன்னை எப்படிம்மா நம்பறது?"

"நம்ப வேணாம் சார். அளந்து பாருங்க."

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

கூரை வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் ஓடு பதித்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை போய், ஓட்டுக்குக் கீழே அந்த அடுக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு மூலையைப் பெயர்த்துப் பார்க்கிறேன். மேஸ்திரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இரண்டாவது விடுதியின் கோப்பு சாரின் அலமாரியில் இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதன் கூரையை வரைந்து வைத்திருக்கிறேன்.